குயில் கூவும்போது ரயிலும் போகட்டும்

கையில் ரெக்கார்டரும் காதில் ஹெட்போனுமாகத் திரிகிறேன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் காட்டுக்குப் போயிருந்தீங்க?" காட்டுக்குப் போய்ப் பதிவு செய்பவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் நான் பதிவு செய்வது சென்னையில் இருக்கும் மேற்கு மாம்பலம். லேக் வியூ ரோடு, ஆரிய கௌடா ரோடு, ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிக் கடைகள், மாம்பலம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம், அதிலிருந்து அந்தப் பக்கம் இறங்கினால் ரங்கநாதன் தெரு. அங்கே பதிவு செய்ய என்ன இருக்கிறது, ஒரே இரைச்சல்தானே என்பார்கள். அந்த "ஒரே இரைச்சல்" பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒலிநடை. கேட்பதற்காகவே நடப்பது, அவ்வளவுதான். கடைக்குப் போகிற வழியில் காதில் விழுவதைக் கேட்பது வேறு. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லாமல், யாரோடும் பேசாமல், போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சத்தம் இழுக்கிற பக்கம் காலைத் திருப்பிக்கொண்டு நடப்பது வேறு. இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்றாலும், இதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1966-இல் நியூயார்க்கில் மாக்ஸ் நியூஹவுஸ் என்ற தாள வாத்தியக் கலைஞர், கச்சேரி கேட்க வந்தவர்கள் கையில் "கேள்" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, எதுவும் பேசாமல் அவர்களைத் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப் போனார். மின் நிலையத்தின் உறுமல் வரைக்கும் போனது அந்த நடை. அதே 60களின் கடைசியில் கனடாவில் வான்கூவர் பக்கம் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் மரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் ஒரு சிறு குழுவைச் சேர்த்துக்கொண்டு, ஊரின் சத்தங்களை ஆராயவும் பதிவு செய்யவும் ஆரம்பித்தார். உலக ஒலிச்சூழல் திட்டம் என்று அதற்குப் பெயர். 1973-இல் வான்கூவர் நகரத்தின் ஒலிகளை இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். 1975-இல் ஐரோப்பாவுக்குப் போய் ஸ்வீடன், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்காட்லாந்து என்று நாட்டுக்கு ஒன்றாக ஐந்து கிராமங்களில் தங்கி, தேவாலய மணியிலிருந்து தொழிற்சாலைச் சங்கு வரைக்கும் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள்.

அந்தக் குழுவில் இருந்த ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்ப் ஒலிநடை பற்றி 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. அவர் சொல்லித் தரும் வழிதான் இன்றைக்கும் எனக்கு வேலைக்கு ஆகிறது: முதலில் உன் உடம்பு எழுப்பும் சத்தத்தைக் கேள். செருப்பு, மூச்சு, துணி உரசுவது. அது கேட்கவில்லை என்றால் நீ நிற்கும் இடம் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பக்கத்தில் உள்ளதைக் கேள், அப்புறம் தூரத்தில் உள்ளதை. அவ்வளவு எளிமையானது. மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் நின்று இதைச் செய்து பார்த்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்பதில்லை. அங்கிருந்து உள்தெருக்களுக்குள் நுழைந்து நடக்க நடக்க, எந்தத் திருப்பத்தில் அது திரும்பக் கேட்க ஆரம்பிக்கிறது என்று கவனிப்பது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. நேரத்துக்கு நேரம் அந்த இடம் மாறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு ரொம்பப் பக்கத்திலேயே கேட்டுவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரம் வீட்டு வாசல் வரைக்கும் கேட்காது.

ஷேஃபர் ஊரின் ஒலிகளைப் பிரித்துச் சொன்ன விதம் ஒன்று உண்டு. கவனத்தைப் பிடித்து இழுக்கும் சத்தங்கள் சில, ஹாரன், மணி மாதிரி. அந்த ஊருக்கே உரிய, அங்கிருப்பவர்கள் தங்களுடையது என்று நினைக்கும் சத்தங்கள் சில. இவற்றுக்கெல்லாம் அடியில், யாரும் கவனிக்காமலே ஓடிக்கொண்டிருப்பவை சில. இந்தக் கடைசி வகையை நமக்குப் புரிய வைப்பது சுலபம்: கச்சேரியில் தம்புரா மாதிரி. பாட்டைக் கேட்கிறோம், தம்புராவைக் கேட்பதாக நினைப்பதில்லை, ஆனால் அதை நிறுத்தினால் உடனே தெரியும். எங்கள் தெருவில் அந்த இடத்தில் இருப்பது மின்சாரம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், ஃப்ரிட்ஜ், மின்விசிறி, ஏசியின் வெளிப்பெட்டி. நம் ஊரில் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது, வட அமெரிக்காவில் 60 முறை, அதனால் டிரான்ஸ்ஃபார்மர் முனகும் சுருதியே ஊருக்கு ஊர் வேறு. அது 50-இன் இரட்டிப்பில், 100-இல் முனகும். அதன் கீழே நின்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, அந்தச் சுருதியிலேயே முணுமுணுத்துப் பாருங்கள், தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கரண்ட் போகும்போது இதெல்லாம் ஒரே நொடியில் கழன்று விழும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட பிறகு பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த இரவுகளில் நான்காவது வீட்டில் யாரோ இருமுவது கேட்டது. பக்கத்துத் தெருவில் தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைக்கிற ஓசை கேட்டது. ஊர் கஷ்டத்தில் இருந்த நேரம், ரசிக்கிற மனநிலையில் யாரும் இல்லை, ஆனாலும் என் காது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான். ரெக்கார்டர் வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் வழக்கமாகப் போகும் நடையைச் சொல்கிறேன். விடியலுக்கு முன்னால், பால் பாக்கெட் டப்பாக்களை வண்டியிலிருந்து இறக்கி அடுக்கும் நேரத்தில் கிளம்பினால் நல்லது. பிளாஸ்டிக் டப்பா சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தம் அந்த நேரத்தில் தெரு முழுக்க எதிரொலிக்கும். பிப்ரவரி, மார்ச் தாண்டிவிட்டால் குயில் ஆரம்பித்துவிடும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும் அந்தக் கூவல் ஆண் குயிலுடையது, பெண் குயில் கத்துவது "கிக் கிக் கிக்" என்று வேறு மாதிரி, பலருக்கு அது குயில் என்றே தெரியாது. எங்கேயோ ஒரு காலி மனைப் புதரிலிருந்து செம்போத்து, ஆழமான குரலில் "உப் உப் உப்" என்று. இருட்டு விலகினதும் காக்கை, மைனா, கிளி. அப்புறம் வேப்பமரத்திலிருந்து விடாமல் ஒரே தாளத்தில் கீச்சிடும் ஒன்று; பறவை என்று தேடுவீர்கள், அது அணில்.

இதற்கு நடுவிலேயே வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், கோயில் மணி, பாங்கு, முதல் குக்கர் விசில், பேப்பர் வந்து விழும் "தொப்", காரைப் பின்னால் எடுக்கும்போது வரும் அந்த மெட்டு. பின்னணியில், கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயிலின் ஹாரன். ரயில் என்றால் "தடக் தடக்" என்று எழுதுவோம், ஆனால் கொஞ்ச நேரம் கவனித்துக் கேட்டால், அது இப்போது பெரும்பாலும் தண்டவாளம் பிரிகிற இடத்தில்தான் வருகிறது. தண்டவாளங்களை நீள நீளமாகப் பற்றவைத்துவிட்டதால் இடைவெளிகள் போய்விட்டன, மற்ற இடங்களில் ஒரு சீரான உரசலும் மோட்டார் ஏறி இறங்கும் ஊளையும்தான். ஒரு தலைமுறையின் காதில் பதிந்த தாளம், அறிவிப்பில்லாமல் போய்விட்டது. எத்தனை பேர் கவனித்தோம்?

லேக் வியூ ரோட்டுக்கு வந்தால் எனக்கு எப்போதும் ஒரு ஏக்கம் வரும். பெயரில் ஏரி இருக்கிறது. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் நீண்டு கிடந்த பெரிய ஏரி இருந்தது, 1920களில் தியாகராய நகரை உருவாக்கத் தொடங்கியபோது அது வடிக்கப்பட்டது. அந்த ஏரியின் வரைபடங்கள் இருக்கின்றன. அரசு ஆவணங்களிலும் அது வருகிறது. மழைக்காலத்து ராத்திரியில் அதன் கரையில் தவளைகள் எப்படிக் கத்தியிருக்கும், அலை கரையில் எப்படித் தட்டியிருக்கும், துணி துவைக்கும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்பதற்கு ஒரு வினாடிகூடச் சான்று இல்லை. அந்தக் காலத்தில் பதிவுக் கருவியே இல்லை என்று சொல்ல முடியாது. இசைத்தட்டுக்காக வித்வான்களின் பாட்டைப் பதிவு செய்துகொண்டுதான் இருந்தார்கள். தவளையையும் துவைகல்லையும் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எப்போதும் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் தெருவில் விற்பவர்களைப் பதிவு செய்ய ஆரம்பித்ததும் இதனால்தான். "அம்மி கொத்தலையோ அம்மி" என்ற குரலை நான் நேரில் கேட்டதில்லை. அம்மா சின்ன வயதில் கேட்டதை அதே ராகத்தில் பாடிக் காட்டுவாள், அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், கையில் இருப்பது அதுதான். ஈயம் பூசுகிறவர் இல்லை. சாணை பிடிக்கிறவர் எப்போதாவது வருவார், சைக்கிளை நிறுத்தி மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றி அரிவாள்மனையை வைத்ததும் எழும் அந்தக் கிறீச்சல், பக்கத்தில் நின்றால் பல் கூசும். அதை எடுத்தபோது அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டார், "என்னம்மா, யூடியூபா?" "இல்லண்ணே, சத்தத்தை மட்டும் எடுத்து வெச்சுக்கறேன்" என்றேன். "இதையா?" என்று சிரித்துவிட்டு, மூன்று வீடுகளின் கத்திகளை முடித்துத் தரும் வரை நான் நிற்பதற்கு வசதியாக, கூட்டம் கூடாமல் பார்த்துக்கொண்டார்.

இப்போது பெரும்பாலான வண்டிகளில் ஸ்பீக்கர்தான் கத்துகிறது. வெங்காயம் இத்தனை கிலோ நூறு ரூபாய், பழைய இரும்பு, உடைந்த பிளாஸ்டிக், ஒரே குரல், ஒரே வாக்கியம், நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் பலர், பழைய கூவல்களின் அழகு போச்சே என்று. வெங்காய வண்டிக்காரர் ஒருவரிடம், "குரல் உங்களுதாண்ணே?" என்று கேட்டேன். "இல்லம்மா, என் மச்சானுது. ஒரே ஒரு தடவ பேசி கார்டுல ஏத்திக் குடுத்துட்டான். இல்லன்னா சாயந்தரம் எனக்குத் தொண்ட கட்டிக்கும்" என்றார். அதற்குப் பிறகு அந்த ஸ்பீக்கர் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. ஒரு மனிதனின் தொண்டைக்குக் கிடைத்த ஓய்வும் அதில் இருக்கிறது. அதையும் பதிவு செய்தேன், வண்டி தெருவுக்குள் நுழைவதிலிருந்து அடுத்த தெருவில் கரைந்து போவது வரைக்கும் முழுதாக. இன்னும் முப்பது வருஷத்தில் இதுவும் காணாமல் போன சத்தமாகத்தான் இருக்கும்.

வெளியிடங்களுக்குப் போய்ச் சத்தங்களைப் பதிவு செய்யும் களப்பதிவுக்காரர்களிடையே, மனிதச் சத்தம் கலக்காத பதிவுதான் உயர்ந்தது என்று ஓர் எண்ணம் ஆழமாக இருக்கிறது. அமெரிக்காவில் கோர்டன் ஹெம்ப்டன் என்ற ஒலிப்பதிவாளர், ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் ஹோ மழைக்காட்டில் ஒரே ஒரு சதுர அங்குல இடத்தை 2005-இல் அடையாளம் வைத்து, அந்த அங்குலத்தில் மனித இரைச்சல் விழாமல் காத்தால் சுற்றிலும் பல மைல்களுக்கு அமைதி கிடைக்கும் என்று போராடி வருகிறார். இன்னொரு ஒலிப்பதிவாளரான பெர்னி கிராஸ், உயிர்கள் எழுப்பும் ஒலி, காற்றும் நீரும் எழுப்பும் ஒலி, மனிதர் எழுப்பும் ஒலி என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார். அவர் சியர்ரா நெவாடா மலையில் லிங்கன் புல்வெளி என்ற இடத்தில் செய்த வேலையை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. 1988-இல் அங்கே விடியற்காலைப் பறவை ஒலியைப் பதிவு செய்தார். அதற்குப் பின் சில மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டினார்கள், காட்டுக்கு எந்தப் பாதிப்பும் இருக்காது என்று சொல்லித்தான். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் கண்ணுக்கு எல்லாம் அப்படியே இருந்தது, புகைப்படம் எடுத்தால் வித்தியாசமே தெரியாது. பதிவில் ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தி தட்டுவதும்தான் மிச்சம். காது கொடுக்கும் சாட்சியைக் கண்ணால் கொடுக்க முடியவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இருந்தாலும் அந்தப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து நம் ஊர்மேல் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குயிலைப் பதிவு செய்யும்போது ரயில் வந்துவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் உட்கார்ந்து ஹாரனை வெட்டுகிறார்கள், பாத்திரம் விழுந்ததை அழிக்கிறார்கள். கடைசியில் கிடைக்கும் குயில் எந்த ஊர்க் குயிலாகவும் இருக்கலாம். மேற்கு மாம்பலத்துக் குயில் ரயிலோடுதான் கூவும்.

இந்த இடத்தில் மலைபடுகடாம் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பெருங்கௌசிகனார் பாடியது. நன்னன் என்ற மன்னனிடம் பரிசு வாங்கி வரும் ஒரு கூத்தர், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறார். அவர்கள் நடந்துதான் போக வேண்டும், வாத்தியங்களைச் சுமந்துகொண்டு. அந்த வழியில் என்னென்ன பார்ப்பீர்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று சொல்லிக்கொண்டே வருபவர், ஓரிடத்தில் என்னென்ன கேட்பீர்கள் என்று ஆரம்பிக்கிறார். ஏறக்குறைய இருபது சத்தங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அருவியில் வானமகளிர் குடைந்தாடும் ஓசை, அது உங்கள் வாத்தியங்களைப் போலவே இனிமையாக இருக்கும் என்கிறார். கூட்டத்தைப் பிரிந்து வந்த ஒற்றை யானையைப் பிடிக்கும் கானவர் போடும் கூச்சல். முள்ளம்பன்றி தாக்கியதில் அழும் வேட்டுவர். புலி கிழித்த கணவன் மார்பில் புண் ஆற வேண்டும் என்று குறத்தியர் பாடும் பாட்டு. குட்டியைப் பிளவுக்குள் தவறவிட்டுவிட்ட தாய்க்குரங்கு தன் இனத்தோடு சேர்ந்து கதறுவது. யானையைப் பழக்கும் பாகர்கள் கலந்து பேசும் பேச்சு. தினைப்புனத்தில் கிளி விரட்டும் பெண்களின் குரல், கரும்பு ஆலையில் கணுக்கள் நொறுங்கும் ஓசை, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, சேம்பும் மஞ்சளும் விளையும் தோட்டத்தில் பன்றிகளை விரட்ட அடிக்கும் பறை.

அருவிக்குப் பக்கத்திலேயே மனிதனின் அழுகை. குரங்குக்கும் கரும்பாலைக்கும் நடுவில் வேலி இல்லை. எது இயற்கை, எது மனிதன் என்று புலவர் பிரித்து அடுக்கவே இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் யார், எதனால், என்ன ஆனது என்ற காரணம் மட்டும் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இது ஒரு முழுமையான ஒலிநடை. நான் செய்ய ஆசைப்படுவதும் இதைத்தான், மலைக்குப் பதிலாக மாம்பலத்தில்.

ஒரு விஷயம், கேட்டால் உங்களுக்கும் பிடிக்கும். உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தது 1889-இல். அதே 1889-இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுப் பையன், அப்பா வாங்கிக் கொடுத்த மெழுகு உருளைக் கருவியில் ஒரு பறவையின் பாட்டைப் பதிவு செய்தான். பறவையொலியின் முதல் பதிவாக இன்றும் சொல்லப்படுவது அது. அந்தப் பறவை, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பாடும் சோலைப்பாடி. பையனின் வீட்டுக் கூண்டில் இருந்தது. ஆக, முதல் பதிவே காட்டில் நடக்கவில்லை, மனிதர்கள் நடமாடும் வீட்டுக்குள் நடந்தது.

ஜப்பானில் 1996-இல் அவர்களுடைய சுற்றுச்சூழல் துறை, நாடு முழுக்கப் பாதுகாக்க வேண்டிய ஒலிச்சூழல்கள் என்று 100 இடங்களைத் தேர்ந்தெடுத்தது. வடக்கே கடலில் மிதந்து வரும் பனிக்கட்டிகளின் ஓசை அதில் இருக்கிறது. அதே பட்டியலில் சப்போரோ மணிக்கூண்டின் மணியும் ஓயி ஆற்றங்கரையில் ஓடும் நீராவி ரயிலும் புத்தாண்டு பிறக்கும்போது யோகோஹாமா துறைமுகக் கப்பல்கள் ஊதும் சங்கும் இருக்கின்றன. நமக்கு இப்படி ஒரு பட்டியல் போட ஆசை வர வேண்டாமா? திருவல்லிக்கேணியில் எது, தூத்துக்குடியில் எது, கும்பகோணத்தில் எது என்று அந்தந்த ஊர்க்காரர்கள் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சரி, அப்படியென்றால் எல்லாச் சத்தமும் ஒன்றா, ஏர்ஹாரனும் வள்ளைப்பாட்டும் சமமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. மனிதன் எழுப்பியதா என்பது என் கேள்வி கிடையாது. அது மற்றச் சத்தங்களை வாழ விடுகிறதா என்பதுதான் கேள்வி. புலவரால் இருபது சத்தங்களைத் தனித்தனியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஒன்று இன்னொன்றை விழுங்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி போட்டாகிவிட்டது. எங்கள் பிரதான சாலையில் நின்றால் அந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை. 2020 ஊரடங்கின்போது பறவைகள் எல்லாம் சத்தமாகப் பாடுகின்றன என்று எல்லாரும் சொன்னோம் இல்லையா? சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் எலிசபெத் டெரிபெர்ரியும் குழுவும் ஒரு வகைச் சிட்டுகளை அளந்து பார்த்ததில், அவை முன்பைவிட மெல்லிய குரலில்தான் பாடியிருக்கின்றன. கத்த வேண்டிய அவசியம் போய்விட்டதால் குரலைத் தணித்து, இன்னும் நயமாகப் பாடியிருக்கின்றன, அப்படியும் முன்பைவிடத் தூரத்துக்குக் கேட்டிருக்கிறது. இத்தனை வருஷமாக அவை நம்மோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்தன என்பதைப் படித்தபோது மனசு கனத்துப்போனது. ரங்கநாதன் தெருவில் "வாங்க வாங்க" என்று கூப்பிடும் கடைப் பையன்களின் தொண்டையும் அப்படித்தான். காலையில் கடை திறக்கும்போது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் குரலையும் ராத்திரி ஏழு மணிக்கு அதே பையனின் குரலையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், அவனுக்காக வருத்தமாக இருக்கிறது.

பதிவை வெட்டி ஒட்டுவது தப்பா என்றால், சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை. வெஸ்டர்காம்ப் 1989-இல் வான்கூவரின் கிட்சிலானோ கடற்கரையில் எடுத்த பதிவை வைத்து ஒரு படைப்பு செய்தார். கரைப்பாறைகளில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற சின்னஞ்சிறு உயிர்கள் தண்ணீரில் எழுப்பும் நுணுக்கமான "டிக் டிக்" ஓசை அதில் வரும். அதற்கு மேலே நகரத்தின் உறுமல். அவர் தன் குரலிலேயே கேட்பவரிடம் பேசுகிறார்: நகரம் இவ்வளவு சத்தமாக இருக்கிறது, இதோ இதை ஸ்டூடியோவில் குறைத்துக் காட்டுகிறேன், என்று. குறைக்கிறார், அந்தச் சின்ன ஓசைகள் பெரிதாக எழுந்து வருகின்றன, கடைசியில் நகரத்தையும் திரும்பக் கொண்டு வருகிறார். அந்த நேர்மைதான் எனக்கு முக்கியம்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் விவரம். போனே போதும், ஆனால் வாய்ஸ் ரெக்கார்டர் செயலிகள் பெரும்பாலும் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றுப்புறச் சத்தத்தை அமுக்கிவிடும். நமக்கு வேண்டியதே அந்தச் சுற்றுப்புறம்தான். அதனால் அமைப்புகளில் இரைச்சல் குறைப்பு, தானாக லெவல் ஏற்றி இறக்குவது இரண்டையும் அணைக்க முடிகிற செயலியாகப் பாருங்கள். தனி ரெக்கார்டர் இருந்தால் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி ஆகும். லெவல் காட்டும் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும், எந்த நொடியில் எவன் ஹாரன் அடிப்பான் என்று சொல்ல முடியாது. சென்னையில் பெரிய எதிரி கடற்காற்று, மைக்குக்கு முடி வைத்த காற்றுக் கவசம் இல்லாமல் வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் போவது வீண். கண்ணாடி வளையல், கொலுசு, சரசரக்கிற துணி வேண்டாம். மைக்கைக் கையில் பிடித்தால் விரல் அசைவு கூடக் கேட்கும், மதில்மேலோ சின்ன முக்காலியிலோ வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சினிமாவில் ஆம்பியன்ஸ், அதாவது ஓர் இடத்தின் பின்னணிச் சத்தம், எடுப்பவர்களைப் போல, குறைந்தது ஐந்து நிமிஷம் அசையாமல் ஓட விடுங்கள். முடிந்ததும் தேதி, நேரம், இடம், மழையா வெயிலா என்று உங்கள் குரலிலேயே சொல்லி முடியுங்கள். பத்து வருஷம் கழித்துக் கோப்பின் பெயர் மாறிப்போயிருந்தாலும் அந்தக் குரல் காப்பாற்றும்.

இருட்டில் தனியாகப் போகும் பெண்கள் இரண்டு காதையும் ஹெட்போனால் மூட வேண்டாம். மைக் காட்டும் உலகத்தில் மூழ்கிவிட்டால் பின்னால் வரும் வண்டி எந்தப் பக்கம் என்று தெரியாது. நான் ஒரு காதை எப்போதும் வெளியில்தான் வைத்திருக்கிறேன், விடிவதற்கு முன்னால் போவதென்றால் தோழி ஒருத்தி கூட வருவாள். அப்புறம், மனிதர்களின் சொந்தப் பேச்சு தெளிவாகப் பதிந்துவிட்டால் அதை வெளியே போடாதீர்கள். திண்ணையில் இருவர் கடன் பற்றிப் பேசியது எவ்வளவு அழகான குரலில் இருந்தாலும் அது அவர்களுடையது. வியாபாரிகளிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை அவர்களுக்குப் போட்டும் காட்டுங்கள்.

வெளியிடத் தகுந்தவற்றை ரேடியோ அபோரீ என்ற ஒலி வரைபடத்தில் ஏற்றலாம். 2006-இலிருந்து உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் தெருவின் சத்தத்தை அந்தந்த இடத்தில் குத்தி வைக்கிறார்கள். அதில் தமிழ்நாட்டின் பக்கம் இன்னும் நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட்டுகள் இருக்கும். கல்யாணம், பாட்டி பாடியது, துபாய்க்கோ சவூதிக்கோ போன அப்பாவுக்கு அனுப்ப வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி அனுப்பிய ஒலிக்கடிதம். பேசுகிறவர்களை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். அவர்கள் மூச்சு விடும் இடைவெளியில் 1985-ஆம் வருஷத்துத் தெரு ஓடிக்கொண்டிருக்கும்: ஐஸ் வண்டி மணி, ஆட்டுக்கல், பக்கத்து வீட்டு ரேடியோ, ஒருவேளை அம்மி கொத்துகிறவரே. நாடாவில் பூஞ்சை பிடிப்பதற்குள், பூஞ்சை ஏற்கெனவே தெரிந்தால் ஓட்டிப் பார்க்காமல் விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து, கணினிக்கு மாற்றிவிடுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் எதையும் அதன்மேல் ஓட்ட வேண்டாம். அம்மி கொத்துகிறவர் குரல் யாருடைய கேசட்டிலாவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.